அடிபட்ட வீரரை எடுக்கலாமா? என்.எஃப்.எல். டிராஃப்ட் சொல்லித் தரும் ரிஸ்க் கணக்கு



சம்பளம் கிரெடிட் ஆன மறுநாள். லஞ்ச் டைம்ல ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு மெசேஜ் வருது: "மச்சி, செம கம்பெனி. போன வருஷம் 400 ரூபாய், இப்போ 130. இதுக்கு மேல எங்க இறங்கப் போகுது?"

இந்த மாதிரி மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கும் வந்துச்சு. வேலைக்குச் சேர்ந்த மூணாவது வருஷம், என் சேமிப்புல பாதிக்கு மேல அப்படி ஒரே ஒரு பங்குல போட்டேன். என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, இதே கேள்வியை வருஷா வருஷம் கோடிக்கணக்கான டாலரை வெச்சுக்கிட்டு கேட்கிற ஒரு இடத்துக்குப் போயிட்டு வருவோம். அமெரிக்கன் ஃபுட்பால் பத்தி ஒண்ணுமே தெரியாட்டியும் பரவாயில்லை. கணக்கு தெரிஞ்சா போதும்.

டிராஃப்ட்னா என்ன?

அமெரிக்காவோட தேசிய ஃபுட்பால் லீக், அதாவது என்.எஃப்.எல்., மொத்தம் 32 அணிகள். நம்ம ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. காலேஜ்ல ஆடி முடிச்ச பசங்களை அணிகள் வரிசையா ஒவ்வொருத்தரா எடுக்கணும். போன சீசன்ல மோசமா ஆடின அணிக்கு முதல் வாய்ப்பு. மொத்தம் 7 ரவுண்டு. வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள்ள மாத்திக்கலாம்.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. 2011-க்குப் பிறகு புது வீரரோட சம்பளம், அவர் எத்தனையாவது ஆளா எடுக்கப்படுறார்ங்கிறதைப் பொறுத்துதான் கிட்டத்தட்ட முடிவாகுது. முன்னாடி போனா அதிகம், பின்னாடி போனா குறைவு. ஒப்பந்தம் 4 வருஷம். ஆக, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு 'விலை' இருக்கு. அடிபட்ட வீரர் அந்த வரிசையில சரியும்போது அவரோட விலையும் சரியுது. நம்ம ஊர்ல கெட்ட செய்தி வந்த பங்கு விழுற மாதிரியேதான்.

ஒரே மைதானம், இரண்டு விலை

2016 ஜனவரி 1. அரிசோனாவில் ஃபியஸ்டா பவுல் ஆட்டம். நாட்டர் டேம் பல்கலைக்கழகமும் ஒஹாயோ ஸ்டேட்டும் மோதின. நாட்டர் டேம் பக்கம் ஜெய்லன் ஸ்மித். லைன்பேக்கர், அதாவது எதிரணி பந்தை எடுத்துக்கிட்டு ஓடும்போது மடக்கிப் பிடிக்கிற வேலை. அந்த வேலையில நாட்டிலேயே சிறந்த காலேஜ் வீரருக்கான பட்கஸ் விருதை அந்த சீசனில்தான் வாங்கியிருந்தார். டிராஃப்ட்ல முதல் 5 பேருக்குள்ள போவார்னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க.

எதிர்ப்பக்கம் எஸீக்கியல் எலியட். பந்தோட ஓடுற ரன்னிங் பேக். அன்னிக்கு அவர் 4 டச்டவுன் அடிச்சார். அதே ஆட்டத்துல ஸ்மித்தோட இடது முழங்கால் போச்சு. லிகமென்ட் கிழிஞ்சதோட, நரம்பும் பாதிக்கப்பட்டது. கிழிஞ்ச லிகமென்ட்டை ஆபரேஷன்ல சரி பண்ணலாம். நரம்பு எப்போ திரும்ப வேலை செய்யும், செய்யுமா செய்யாதான்னு யாராலும் தேதி போட்டுச் சொல்ல முடியாது. பாதத்தை மேலே தூக்கவே அவரால முடியலை.

நாலு மாசம் கழிச்சு டிராஃப்ட். டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி தன்னோட முதல் வாய்ப்பில், 4-வது ஆளா, எலியட்டை எடுத்தது. ஸ்மித் பேரை முதல் ரவுண்டு முழுக்க யாரும் கூப்பிடலை. இரண்டாவது ரவுண்டில், 34-வது ஆளா, அவரையும் எடுத்தது அதே டல்லாஸ்.

எலியட்டோட 4 வருஷ ஒப்பந்தம் சுமார் 2.49 கோடி டாலர். ஸ்மித்துக்கு சுமார் 65 லட்சம் டாலர். ஜனவரி 1 காலையில கிட்டத்தட்ட ஒரே விலையில இருந்த இரண்டு பேர். ஒரு முழங்கால், விலையைக் கால்வாசி ஆக்கிடுச்சு.

மலிவுங்கிறது வேற, லாபம்ங்கிறது வேற

இப்போ பேப்பர் எடுங்க. 65-ஐ 249-ஆல வகுத்தா 26%. அதாவது, ஸ்மித் முழுசா குணமாகி பழைய ஆட்டம் ஆட நாலுல ஒரு வாய்ப்பு இருந்தாலே, பணக்கணக்கு ஏறக்குறைய சரியாகிடும். கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்லையா?

ஆனா இங்கதான் நம்மில் நிறைய பேர் சறுக்குறோம். ஸ்மித்தை அவரோட பழைய விலையோட ஒப்பிட்டா எப்பவுமே மலிவாத்தான் தெரியும். 400 ரூபாய் பங்கு 130-க்குக் கிடைக்கிற மாதிரி. சரியான ஒப்பீடு அது இல்லை. அதே 34-வது இடத்தில, அதே 65 லட்சத்துக்கு, அடிபடாத ஒரு நல்ல வீரர் கிடைச்சிருப்பார். ஸ்மித் அளவு திறமை இருக்காது. ஆனா முதல் நாளே மைதானத்துல நிற்பார். டல்லாஸ் விட்டுக்கொடுத்தது அவரைத்தான்.

நமக்கும் அதேதான். விழுந்த பங்கை அதோட பழைய உச்ச விலையோட ஒப்பிடாதீங்க. அதே பணத்தை ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில போட்டா என்ன கிடைக்கும்ங்கிறதோட ஒப்பிடுங்க. பழைய விலை யாரோ ஒருத்தர் கொடுத்த விலை, அவ்வளவுதான். உங்களுக்கு அதனால ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

இன்னொண்ணு, 'நாலுல ஒண்ணு'ங்கிற கணக்கு நாலு தடவை ஆடுறவங்களுக்கு. ஒரு அணிக்கு வருஷத்துக்குச் சராசரியா சுமார் 8 வாய்ப்பு, அடுத்த வருஷம் மறுபடியும் அதே அளவு. ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும். அதே 2016-ல டல்லாஸ் நாலாவது ரவுண்டில் 135-வது ஆளா எடுத்தவர்தான் டாக் பிரெஸ்காட். பிறகு பல வருஷம் அந்த அணியோட முக்கிய குவாட்டர்பேக். ஸ்மித் ஒரு நாள்கூட ஆடாம போயிருந்தாலும் அந்த வருஷத் தேர்வு தேறியிருக்கும். மொத்த சேமிப்பையும் ஒரே பங்குல போட்டவருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு நாலுல ஒண்ணுன்னா, நாலுல மூணு தடவை நட்டம்னுதான் அர்த்தம்.

டல்லாஸுக்கு மட்டும் தைரியம் எப்படி வந்தது?

ஸ்மித்துக்கு ஆபரேஷன் பண்ணினவர் டல்லாஸ் அணியோட டாக்டர். மத்த அணிகள் ஸ்கேனையும் ரிப்போர்ட்டையும் பார்த்து முடிவெடுக்கணும். டல்லாஸ் பக்கம், அந்த முழங்காலைத் திறந்து பார்த்த ஆள் இருந்தார். எல்லாரும் பயந்த இடத்துல அவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம்.

உங்ககிட்ட அந்த மாதிரி ஏதாவது இருக்கா? நேர்மையா கேட்டுக்குங்க. நீங்க வேலை பார்க்கிற துறை, தினமும் அந்த வாடிக்கையாளர்களோட பேசுறீங்க, பேலன்ஸ் ஷீட்டை வரி வரியா படிச்சிருக்கீங்கன்னா சரி. டெலிகிராம் குரூப்ல 20,000 பேருக்கு ஒரே நேரத்துல வந்த மெசேஜ் எந்த வெளிச்சமும் கிடையாது.

ஒரே அணி, ஒரே முழங்கால், இரண்டு முடிவு

இப்போ சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ் அணிக்கு வருவோம். 2005-ல மூணாவது ரவுண்டில், 65-வது ஆளா ஃபிராங்க் கோர்னு ஒரு ரன்னிங் பேக்கை எடுத்தாங்க. காலேஜ்ல இரண்டு முழங்கால்லயும் ஏ.சி.எல். கிழிஞ்சவர். ஓடுறதையே தொழிலா வெச்சிருக்கிற ஆளுக்கு இரண்டு முழங்காலும் போனவர்னு பேர். அந்த கோர் 16 சீசன் ஆடினார். மொத்தம் 16,000 யார்டு ஓடினார். என்.எஃப்.எல். வரலாற்றிலேயே ஓட்டத்தில் மூணாவது இடம்.

அதே அணி, 2013-ல, நாலாவது ரவுண்டில், 131-வது ஆளா மார்கஸ் லாட்டிமோரை எடுத்தது. அவரும் ரன்னிங் பேக்தான். 2011-ல ஒரு முழங்கால், 2012 அக்டோபரில் இன்னொண்ணு. அடிபடாம இருந்திருந்தா முதல் ரவுண்டு ஆள். முதல் சீசன் முழுக்க சிகிச்சை. 2014 நவம்பரில் ஓய்வு அறிவிச்சுட்டார். ஒரு லீக் ஆட்டம்கூட ஆடலை. அந்த நேரத்துல அதே அணியில கோர் இன்னும் ஓடிக்கிட்டு இருந்தார்!

"அப்போ இது வெறும் அதிர்ஷ்டம்தானே?"ன்னு தோணும். அதிர்ஷ்டம் இருக்கு, மறுக்கலை. ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. கோர் அடிபட்ட பிறகு 2004-ல ஒரு முழு காலேஜ் சீசன் ஆடிக் காட்டிட்டுத்தான் டிராஃப்டுக்கு வந்தார். லாட்டிமோர் அடிபட்டு ஆறே மாசத்துல வந்தார். கோர் விஷயத்துல சாட்சி இருந்தது. லாட்டிமோர் விஷயத்துல நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. அதனாலதான் விலையும் 65, 131னு வேற வேற.

விழுந்த கம்பெனியிலும் இதைத்தான் பார்க்கணும். விழுந்த பிறகு இரண்டு, மூணு காலாண்டு ரிசல்ட் வந்திருக்கா? கடன் குறைஞ்சிருக்கா? கைக்குப் பணம் உண்மையிலேயே வருதா? கொஞ்சம் விலை ஏறின பிறகு, சாட்சியைப் பார்த்துட்டு வாங்குறதுல தப்பே இல்லை. அடிமட்ட விலையிலதான் பிடிக்கணும்னு யாரும் சட்டம் போடலை.

லாட்டிமோரை எடுத்ததும் தப்பான முடிவுன்னு நான் சொல்ல மாட்டேன். நாலாவது ரவுண்டு வாய்ப்பு ஒண்ணுதான் போச்சு. அணி ஆடிக்கிட்டேதான் இருந்தது. முடிவு கெட்டதா போறது வேற, எடுத்த முடிவே கெட்டதா இருக்கிறது வேற.

தள்ளுபடியே இல்லாம வாங்கினா?

2019 நவம்பரில் அலபாமாவோட குவாட்டர்பேக் டுவா டகோவைலோவாவுக்கு இடுப்பு மூட்டு விலகி, எலும்பும் உடைஞ்சது. ஆனாலும் 2020-ல மயாமி டால்ஃபின்ஸ் அவரை 5-வது ஆளா எடுத்தது. அவ்வளவு முன்னாடி எடுத்தா, காயத்துக்காக விலையில பெருசா எதுவும் குறையலைன்னு அர்த்தம். அடுத்த, 6-வது வாய்ப்பில் சார்ஜர்ஸ் அணி எடுத்தது ஜஸ்டின் ஹெர்பர்ட்டை. அந்த வருஷமே சிறந்த புதுமுக தாக்குதல் வீரர் விருது அவருக்கு.

இதுல இன்னொரு பாடமும் இருக்கு. டுவாவோட இடுப்பைப் பத்தித்தான் எல்லாரும் கவலைப்பட்டாங்க. ஆனா 2022-ல அவரை வெளியே உட்கார வெச்சது தலையில் பட்ட அடி. ஊரே பேசுற ரிஸ்க்கை நாம உத்து உத்துப் பார்ப்போம். வேற ஒண்ணு பின்பக்கமா வரும். எவ்வளவு ஆராய்ச்சி பண்ணினாலும் ஒரே இடத்துல மொத்தமா போடாதீங்கன்னு சொல்றது இதனாலதான்.

ஸ்மித் கதையோட இரண்டாம் பாகம்

ஸ்மித் என்ன ஆனார்? 2016 முழுக்க ஆடலை. 4 வருஷ ஒப்பந்தத்தில் ஒரு வருஷம், அதாவது 25%, அப்படியே போச்சு. நரம்பு மெதுவா திரும்பியது. 2017-ல இறங்கினார். 2019 சீசனில் நட்சத்திர வீரர்களுக்கான புரோ பவுல் வரைக்கும் போனார். 65 லட்சத்துக்கு எடுத்த முடிவு ஜெயிச்சது.

ஆனா 2019 ஆகஸ்டில் டல்லாஸ் அவரோட 5 வருஷத்துக்கு, 6.4 கோடி டாலர் வரை போகிற புது ஒப்பந்தம் போட்டது. அதுல 3.55 கோடி உத்தரவாதம். இந்தத் தடவை தள்ளுபடி இல்லை, முழு விலை. 2021 அக்டோபரில், ஒப்பந்தம் பாதிகூட முடியாம அவரை விடுவிச்சுட்டாங்க.

அதே வீரர். அதே அணி. கால்வாசி விலையில வாங்கினப்போ நல்ல முதலீடு. முழு விலையில வாங்கினப்போ வருத்தம். "ஸ்மித் நல்ல வீரரா?"ன்னு கேட்டா இதுக்கு பதில் கிடைக்காது. "என்ன விலைக்கு?"ன்னு கேட்டாத்தான் கிடைக்கும். இந்தக் கட்டுரையில ஒரு வரி மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்குங்க.

என் கதை

சரி, நான் வாங்கின பங்குக்கு வர்றேன். இறங்க இறங்க 'ஆவரேஜ்' பண்றேன்னு வாங்கி, மொத்தம் 1,40,000 ரூபாய் போட்டேன். எட்டாவது மாசம் அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஞ்சியோ, ஸ்டென்ட், உடனே அட்வான்ஸ் கட்டணும். எமர்ஜென்சி ஃபண்டுன்னு தனியா எதுவும் வெச்சிருக்கலை. அந்தப் பங்கை வித்தேன். கைக்கு வந்தது 52,000.

இரண்டு வருஷம் கழிச்சு அந்தப் பங்கு ஓரளவு எழுந்துச்சு. வெச்சிருந்தா ஒரு லட்சத்துக்கு மேல வந்திருக்கும். கம்பெனி பத்தி நான் போட்ட கணக்கு ரொம்பத் தப்பில்லை. என்னால காத்திருக்க முடியும்னு நினைச்சதுதான் தப்பு. டல்லாஸால ஒரு வருஷம் ஸ்மித்தை பெஞ்சில உட்கார வெக்க முடிஞ்சது, ஏன்னா மைதானத்துல ஆட வேற ஆட்கள் இருந்தாங்க. என் அணியில பெஞ்சே இல்லை.

அதனால அடிபட்ட பங்கை வாங்குறதுக்கு முன்னாடி இந்த 5 கேள்வி:

1. இது பூஜ்யமாகிட்டா என் வீட்டுல என்ன மாறும்? "ஒண்ணும் மாறாது"ன்னு சொல்ல முடியற தொகை மட்டும் போடுங்க. என்னோட வரம்பு, மொத்த முதலீட்டில் 5%.
2. அதே பணத்துக்குக் கிடைக்கிற 'அடிபடாத' முதலீடு எது? அதைவிட இது ஏன் மேல்?
3. விழுந்த பிறகு எழுந்ததுக்கு சாட்சி இருக்கா, இல்லை நம்பிக்கை மட்டுமா?
4. மத்தவங்களுக்குத் தெரியாத எது எனக்குத் தெரியும்?
5. 3 வருஷம் இந்தப் பணத்தைத் தொடாம இருக்க முடியுமா? 6 மாசச் செலவு தனியா இருக்கா?

ஒரு நிமிஷம், நீங்களும் அந்த வீரர்தான்

இதுவரைக்கும் அணியோட நாற்காலியில உட்கார்ந்து பேசினோம். எதிர்ப்பக்கம் இருக்கிற பையனைப் பாருங்க. 20 வயசுல, ஒரே ஆட்டத்துல, கோடிக்கணக்கான டாலரை இழந்தவர். ஆனா ஸ்மித் அடிபடுறதுக்கு முன்னாடியே, டிராஃப்ட்ல சரிஞ்சா நஷ்டஈடு தர்ற ஒரு இன்சூரன்ஸ் எடுத்து வெச்சிருந்தார். அதுல சுமார் 9 லட்சம் டாலர் கிடைச்சதா அப்போ செய்தி வந்தது. இழந்ததுக்கு அது ஈடாகாது. ஆனா நரம்பு திரும்புமான்னு தெரியாத ஒரு வருஷத்தைத் தாண்ட அது போதும்.

உங்க வயசு 26, சம்பளம் மாசம் 40,000னு வைங்க. இன்க்ரிமென்ட்டே இல்லாம 30 வருஷம் வேலை பார்த்தாலும் 1.44 கோடி. உங்ககிட்ட இருக்கிற பெரிய சொத்து பங்கும் இல்லை, தங்கமும் இல்லை. அடுத்த 30 வருஷம் சம்பாதிக்கப் போற உங்க உடம்புதான்.

அதுக்கு என்ன பாதுகாப்பு இருக்கு? சாதாரண டெர்ம் இன்சூரன்ஸ் நாம இறந்தாத்தான் வீட்டுக்குப் பணம் தரும். பைக்ல விழுந்து ஆறு மாசம் படுத்தா தராது. ஹெல்த் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக்கும், வீட்டு வாடகையைப் பார்த்துக்காது. அந்த இடைவெளிக்குத்தான் பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி. விபத்தில் நிரந்தர ஊனம் வந்தா மொத்தத் தொகை. தற்காலிகமா வேலைக்குப் போக முடியலைன்னா வாராவாரம் ஒரு தொகை தர்ற வசதி சில பாலிசிகளில் உண்டு. வாங்குறப்போ அது இருக்கான்னு கேட்டு வாங்குங்க. ஆபீஸ் தர்ற குரூப் இன்சூரன்ஸை மட்டும் நம்பாதீங்க. வேலையை விட்டா பொதுவா அதுவும் போயிடும்.

இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை. புதுசா எந்தப் பங்கும் தேட வேண்டாம். உங்க ஹெச்.ஆர். அனுப்பின இன்சூரன்ஸ் மெயிலைத் தேடி எடுங்க. அடிபட்டு ஆறு மாசம் வீட்டுல இருந்தா எனக்கு எங்கிருந்து பணம் வரும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. பேப்பர் காலியா இருந்தா, அடிபட்ட பங்கை வாங்குறது உங்க அடுத்த வேலை இல்லைன்னு அர்த்தம்.

உங்க பெஞ்சில யார் யார் இருக்காங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. இதே கணக்கை ஒரு எக்ஸெல் ஷீட்டில போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல வரும். அதுவரைக்கும், பழைய விலையைப் பார்த்து ஏமாறாதீங்க!

(இது விழிப்புணர்வுக்காக எழுதப்பட்டது. எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் பரிந்துரை அல்ல.)